எக்சு-கதிர்ப் படங்களில் சிறு குழந்தைகளின் தீங்கற்ற எலும்பு நிலைகள்

சிறு குழந்தைகளின் தீங்கற்ற எலும்பு நிலைகள் என்பவை, எக்சு-கதிர்ப் படத்தில் நோய் போலத் தோன்றினும், குழந்தைக்கு நிலையான கேட்டைப் பொதுவாக விளைவிக்காத எலும்பு மாற்றங்கள் ஆகும். இவற்றுள் சில, வளரும் எலும்பின் இயல்பான தோற்றங்கள். சில, மிக அரிதாகக் காணப்படும் பிறவி அல்லது மரபுவழி நிலைகள். இவை எலும்புத் தொற்று, புற்று, முறிவு ஆகியவற்றை ஒத்திருப்பதால், இனங்காணத் தவறினால் தேவையற்ற அறுவைக்கும் நீண்டகால மருந்துக்கும் இடமுண்டு. மாறாக, உண்மையான நோயொன்றைத் தீங்கற்றது என ஒதுக்கிவிடுவதும் பெருங்கேடாகும். ஆகவே குழந்தையின் வயது, மாற்றம் உள்ள இடம், இருபுறச் சமச்சீர், குழந்தையின் உடல்நிலை, முன்பு எடுத்த படங்கள் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. தமிழ்நாடு-கேரள எல்லையில் அமைந்த களியக்காவிளை போன்ற ஊர்களில், ஒரே குழந்தைக்கு இரு மாநில மருத்துவமனைகளில் சிகிச்சை நடப்பதுண்டு என்பதால், இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டது தனி முக்கியத்துவம் பெறுகிறது.

குழந்தையின் எலும்பும் எக்சு-கதிர்ப் படமும்

செருமானிய இயற்பியலாளர் வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்சு-கதிர்களைக் கண்டறிந்தார். சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு இக்கதிர்களைத் தடுப்பதால் படத்தில் வெண்மையாகவும், தசை சாம்பல் நிறமாகவும், காற்று கருமையாகவும் தெரிகின்றன. குருத்தெலும்பு தனியாகத் தெரிவதில்லை. பிறந்த குழந்தையின் எலும்பு முனைகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதால், மூட்டுகளில் எலும்புகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதுபோல் படம் காட்டும். இது பிரிவும் அன்று, முறிவும் அன்று.

ஒரு நீண்ட எலும்பில் மூன்று பகுதிகள் உள்ளன. நடுப்பகுதி தண்டு எனவும், இரு ஓரங்களும் முனைகள் எனவும், தண்டும் முனையும் கூடும் இடம் வளர்பகுதி எனவும் இங்குக் குறிக்கப்படுகின்றன. வளர்பகுதிக்கும் முனைக்கும் இடையில் குருத்தெலும்பாலான வளர்தட்டு உள்ளது. எலும்பு நீளத்தில் வளர்வது இத்தட்டில்தான். எலும்பின் மேற்பரப்பைப் போர்த்தியுள்ள சவ்வு, எலும்பைப் பருமனில் வளர்க்கிறது. குழந்தைகளில் இச்சவ்வு தடித்தும், எலும்பின்மேல் தளர்வாகவும் இருக்கும். எனவே அதனடியில் குருதியோ சீழோ சேர்ந்தால் அது எளிதில் மேலெழும். மேலெழுந்த சவ்வு புதிய எலும்பை உண்டாக்கும். தொற்று, காயம், புற்று, ஊட்டக்குறை, விரைவான இயல்பு வளர்ச்சி ஆகிய அனைத்திலும் சவ்வு இந்த ஒரே வழியிலேயே எதிர்வினை காட்டுகிறது. படத்தைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

இயல்பான சவ்வுப் படலம்

ஏறத்தாழ 1 முதல் 6 மாதம் வரையிலான குழந்தைகளில், தொடை எலும்பு, மேற்கை எலும்பு, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பு (கணைக்கால் எலும்பு) ஆகியவற்றின் தண்டை ஒட்டி மெல்லிய வெண்கோடு ஒன்று காணப்படலாம். இது சவ்வு விரைந்து வளர்வதால் உண்டாகும் புதிய எலும்பாகும். நலமான குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினரிடம் இது காணப்படலாம் என்பதால் இதனை அரிய நிலை என்று கூற இயலாது. எனினும் அரிய நிலைகளை அளந்தறிய இதுவே அளவுகோலாகும்.

இயல்பான படலம் ஒரே அடுக்காக, வழவழப்பாக, 2 மில்லிமீட்டருக்கு மிகாத தடிப்புடன், தண்டுக்கு இணையாகச் செல்லும். இரு கால்களிலும் அல்லது இரு கைகளிலும் ஒத்துக் காணப்படும். வளர்பகுதி சிதைந்திராது. குழந்தைக்குக் காய்ச்சலோ வீக்கமோ வலியோ இராது. ஒருபுறம் மட்டும் காணப்படுவது, பல அடுக்குகளாக அமைவது, ஓரம் கரடுமுரடாக இருப்பது, 6 மாதத்திற்குப் பின் புதிதாகத் தோன்றுவது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும்.

அரிய தீங்கற்ற நிலைகள்

கேஃபி நோய்

கேஃபி நோய் அல்லது குழந்தைப்பருவ எலும்புப் புறணித் தடிப்பு, இவ்வகை நிலைகளுள் மிகுதியாகக் குழப்பம் விளைவிப்பதாகும். 1930 இல் ரோஸ்கே என்பவர் இத்தகைய குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார். 1945 இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜான் கேஃபி, வில்லியம் சில்வர்மன் ஆகியோர் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தனர்.

பெரும்பாலும் 5 மாதத்திற்கு முன்பே இது தொடங்குகிறது. நலமாயிருந்த குழந்தை திடீரென எரிச்சலுற்று ஓயாது அழும், காய்ச்சல் வரலாம், தாடையிலோ கையிலோ காலிலோ கெட்டியான வீக்கம் தோன்றும். படத்தில் எலும்பின் புறணி பெரிதும் தடித்திருக்கும். கீழ்த்தாடை எலும்பு மிகப் பெரும்பாலான குழந்தைகளில் பாதிக்கப்படுகிறது. காறை எலும்பு, விலா எலும்புகள், தோள்பட்டை எலும்பு, கை கால்களின் நீண்ட எலும்புகள் ஆகியவையும் பாதிக்கப்படலாம். விரல் எலும்புகளும் முதுகெலும்பும் பொதுவாகத் தப்பிவிடுகின்றன. நீண்ட எலும்புகளில் தண்டு மட்டுமே தடிக்கும், முனைகள் தடிப்பதில்லை.

குருதி ஆய்வில் சிவப்பணுப் படிவு வீதம், வெள்ளணு எண்ணிக்கை, காரப் பாசுபட்டேசு நொதி ஆகியவை உயர்ந்திருக்கலாம். காய்ச்சல், வீக்கம், உயர்ந்த வெள்ளணு ஆகிய மூன்றும் சேரும்போது எலும்புத் தொற்று என்று எண்ணுவது இயற்கையே. ஆனால் நுண்ணுயிர் வளர்ப்பாய்வில் எதுவும் வளராது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பயனும் இராது. கீழ்த்தாடையின் இருபுறத் தடிப்பு, 6 மாதத்திற்குக் குறைந்த வயது, ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புகள் பாதிக்கப்படுதல் ஆகியவை ஒருங்கே அமைந்தால், எலும்பைக் கீறித் திசு எடுத்துப் பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

இந்நோய் பொதுவாக 2 வயதிற்குள் தானாகவே அடங்குகிறது. தடித்த எலும்பு மெல்லமெல்லச் சீர்பட்டு இயல்பு வடிவம் பெறும். வலிக்கும் வீக்கத்திற்கும் மட்டும் மருத்துவர் மருந்து தருவார். சிலருக்கு மீண்டும் தோன்றுவதும், சிலருக்கு எலும்பு வளைவு எஞ்சுவதும் உண்டு. கருவிலேயே தொடங்கும் கடுமையான வடிவம் உயிருக்கு ஆபத்தானது; அதனைத் தீங்கற்ற நிலைகளுடன் சேர்த்து எண்ணுதல் கூடாது.

2005 இல் இந்நோயுள்ள குடும்பங்களில், முதலாம் வகைக் கொல்லாசன் புரதத்திற்கான சிஓஎல்1ஏ1 என்னும் மரபணுவில் ஒரே இடத்தில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெறப்பட்டாலே நோய் தோன்றக்கூடும். எனினும் மாற்றம் உள்ள அனைவரிடமும் அது வெளிப்படுவதில்லை. ஆகவே குடும்ப வரலாறு கேட்பது இன்றியமையாதது. தந்தைக்கோ அத்தைக்கோ கைக்குழந்தையாக இருந்தபோது தாடை வீங்கி வற்றியதை நினைவில் வைத்திருக்கும் பாட்டியின் ஒரு சொல், பல ஆய்வுகளைத் தவிர்க்க உதவக்கூடும்.

காறை எலும்பின் பிறவிப் பொய்மூட்டு

இந்நிலையில் காறை எலும்பின் இரு பாதிகளும் நடுவில் ஒன்று சேராமல் நிற்கின்றன. பிறப்பின்போது ஏற்பட்ட முறிவு என இது தவறாகக் கருதப்படுவதுண்டு. ஏறத்தாழ எப்போதும் வலப்புறத்திலேயே காணப்படுவது இதன் சிறப்பு. இதயம் வலப்புறம் அமைந்த குழந்தைகளில் இது இடப்புறம் தோன்றியதுண்டு. எனவே காறை எலும்பின் அடியில் செல்லும் தமனியின் துடிப்பு இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

வேறுபடுத்தும் வழி எளியது. முறிந்த எலும்பில் இரண்டு வாரத்திற்குள் கூடுஎலும்பு எனப்படும் வெண்திரள் தோன்றும், தொட்டால் குழந்தை அழும், கையை அசைக்காது. பொய்மூட்டில் முனைகள் உருண்டு வழவழப்பாக இருக்கும், கூடுஎலும்பு தோன்றாது, வலியும் இராது. கையின் இயக்கம் பொதுவாகக் குறைவதில்லை. மேடு பெரிதாகித் தொல்லை தந்தால் மட்டும் பிற்காலத்தில் அறுவை செய்யப்படுகிறது.

கணைக்கால் எலும்பின் பிறவி வளைவு

சில குழந்தைகள் கணைக்கால் எலும்பு வளைந்த நிலையில் பிறக்கின்றன. இதில் வளைவின் திசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வளைவின் முகடு பின்புறமாகவும் உட்புறமாகவும் இருந்தால், தோற்றம் அச்சமூட்டுவதாக இருந்தாலும், முதல் சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் தானே நிமிர்கிறது. ஆயினும் அக்கால் சற்றுக் குட்டையாக எஞ்சக்கூடும் என்பதால், வளர்ச்சி முடியும்வரை நீளத்தை அளந்துவர வேண்டும். முகடு முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் இருந்தால் நிலைமை வேறு. அவ்வெலும்பு முறிந்து கூடாமல் போகும் வாய்ப்பு உண்டு. நரம்புநார்க்கட்டி நோயுடனும் தொடர்பு உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ‘சரியாகிவிடும்’ என்று கூறுவது தவறாகும்.

புள்ளி எலும்பும் கோட்டு எலும்பும்

புள்ளி எலும்பு நிலையில் மூட்டுகளை அடுத்த பகுதிகளில் சிறிய, உருண்டையான வெண்புள்ளிகள் சமச்சீராகச் சிதறிக் காணப்படும். ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இது உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் வேறொரு காரணத்திற்காக எடுத்த படத்தில் தற்செயலாகவே தெரியவரும். எலும்புக்குப் பரவிய புற்று என்று கருதப்படும் வாய்ப்பு இருப்பினும், இதில் புள்ளிகள் ஒத்த அளவினவாகவும், எலும்பைச் சிதைக்காதனவாகவும் இருக்கும். 2004 இல் எல்இஎம்டி3 என்னும் மரபணுவின் மாற்றம் இதற்குக் காரணமென அறியப்பட்டது. சிலரிடம் தோலில் சிறு முடிச்சுகளும் உண்டு.

கோட்டு எலும்பு நிலையில் வளர்பகுதியிலிருந்து தண்டை நோக்கி நெடுக்கு வெண்கோடுகள் செல்லும். தனித்துக் காணப்படின் இது தீங்கற்றது. ஆனால் பெருத்த தலை, மண்டையோட்டு எலும்புத் தடிப்பு ஆகியவற்றுடன் சேர்ந்து வரும் வடிவத்தில் செவித்திறன் குறையலாம். எனவே கோடுகளைக் கண்டவுடன் தலையையும் செவியையும் ஆராய்தல் முறையாகும்.

தீங்குள்ளவற்றிலிருந்து வேறுபடுத்தல்

மேற்கூறிய நிலைகளுள் ஒன்றை முடிவு செய்வதற்கு முன், அதனை ஒத்த பின்வரும் நோய்கள் விலக்கப்பட வேண்டும்.

எலும்புத் தொற்று: பொதுவாக ஒரு பகுதியில் மட்டும் தோன்றும், குழந்தை அவ்வுறுப்பை அசைக்காது. தொற்று தொடங்கிய முதல் 7 முதல் 10 நாட்களுக்கு எலும்பின் படம் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே இயல்பான படத்தைக் கொண்டு தொற்று இல்லை என்று கூறுதல் இயலாது.

பிறவிக் கிரந்தி நோய்: சவ்வுப் படலம் பல எலும்புகளில் சமச்சீராக இருக்கும் என்பதால் இயல்பெனத் தோன்றும். ஆனால் வளர்பகுதி அரிக்கப்பட்டிருக்கும். தாய்க்கும் குழந்தைக்கும் குருதி ஆய்வு தேவை. நுண்ணுயிர்க்கொல்லியால் குணமாகும் நோய் இது என்பதால் தவறவிடக் கூடாது.

என்புருக்கி எனப்படும் ரிக்கெட்சு: உயிர்ச்சத்து டி குறைவால் உண்டாவது. வளர்பகுதி கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் பிசிறாக இருக்கும்.

உயிர்ச்சத்து ஏ மிகை: அளவுக்கு மீறிச் சொட்டு மருந்தோ மீனெண்ணெயோ கொடுப்பதால் எலும்புத் தண்டு தடிக்கலாம். பெரும்பாலும் 1 வயதிற்குப் பின் தோன்றும், கீழ்த்தாடை பாதிக்கப்படுவதில்லை. கேஃபி நோய் இவ்விரண்டிலும் நேர்மாறானது.

மருந்தின் விளைவு: பிறவி இதயக் குறையுள்ள சில குழந்தைகளுக்கு அறுவைவரை உயிர்காக்கப் புரோசுட்டாகிளாண்டின் இ1 மருந்து சிரைவழி செலுத்தப்படுகிறது. இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு தடித்து, கேஃபி நோய் போலவே தோன்றும். மருந்தை நிறுத்தியபின் மெல்லச் சீராகும்.

குருதிப்புற்றும் நரம்பணுப் புற்றும்: குழந்தை வெளிறியிருத்தல், எடை குறைதல், வயிற்றில் கட்டி, வளர்பகுதியில் கருமையான பட்டை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள்.

காயமும் கேஃபியின் இரண்டாம் கட்டுரையும்

1945 இல் தீங்கற்ற எலும்புத் தடிப்பை வரையறுத்த கேஃபி, அடுத்த ஆண்டே மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். மூளையுறைக்கு அடியில் குருதிக்கட்டு இருந்த 6 குழந்தைகளின் நீண்ட எலும்புகளில் 23 முறிவுகள் இருந்ததை 1946 இல் அவர் சுட்டிக்காட்டினார். அவற்றுக்கு எவ்வித எலும்பு நோயும் காரணமாகத் தென்படவில்லை. 1962 இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் ‘அடிக்கப்பட்ட குழந்தை’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தபோது, கேஃபியின் கண்டறிதல் அதற்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

ஒருவரே இரண்டையும் கண்டறிந்தது இத்துறையின் இரு கடமைகளையும் விளக்குகிறது. கேஃபி நோயை அடியின் விளைவு எனக் கருதினால் குற்றமற்ற பெற்றோர் ஐயத்திற்கு ஆளாவர். அடியின் விளைவை அரிய நோய் எனக் கருதினால் குழந்தை அதே வீட்டிற்குத் திருப்பியனுப்பப்படும். வளர்பகுதியின் மூலையில் சிறு சிதைவு, முதுகுப்புற விலா முறிவு, வெவ்வேறு காலத்து முறிவுகள் ஒருங்கே இருத்தல் ஆகியவை காயத்தையே சுட்டுகின்றன. நடக்கத் தொடங்காத குழந்தையில், விளக்கமில்லாத எந்த முறிவையும் முழுமையாக ஆராய வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 ஆகும்.

கதிர்வீச்சின் அளவு

மீண்டும் மீண்டும் படம் எடுப்பது பற்றிப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. கை அல்லது காலின் ஒரு படத்தால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட் ஆகும். மண், காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதர் இயற்கையாகப் பெறும் அளவு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒரு கால் படம், ஒரு நாளின் இயற்கைக் கதிர்வீச்சைவிடக் குறைவு. மணவாளக்குறிச்சி உள்ளிட்ட குமரிக் கடற்கரைப் பகுதிகளின் மணலில் தோரியம் கலந்த மோனசைட்டு இருப்பதால், அங்கு இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைவிட மிகுதி. எனினும் மேலே விவரித்த அரிய நிலைகளுக்கான அறியப்பட்ட காரணங்களில் இம்மணல் இடம்பெறவில்லை.

கணினிவழிக் குறுக்குவெட்டுப் படத்தின் கதிர்வீச்சு இதனினும் பன்மடங்கு மிகுதி. ஆகவே எளிய படத்தாலேயே தீங்கற்றது என உறுதியாகும் இடத்தில் அதனை எடுக்காதிருப்பதும் சரியான நோயறிதலின் பயனே.

களியக்காவிளைப் பகுதியும் பழைய படங்களும்

களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், நாகர்கோவிலையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த பேரூராட்சியாகும். முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆட்சி எல்லை மாறினும் மருத்துவத்திற்கான வழிகள் இரு திசையிலும் செல்கின்றன. கிழக்கே ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மேற்கே திருவனந்தபுரத்தில் குழந்தைகளுக்கான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும், இதய, நரம்பு நோய்களுக்கான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உள்ளன.

இதனால் ஒரு குழந்தையின் பிறப்புக் குறிப்பு ஒரு மாநிலத்திலும், இதயச் சிகிச்சைக் குறிப்பு மற்றொரு மாநிலத்திலும் இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, பிறந்தவுடன் திருவனந்தபுரத்தில் புரோசுட்டாகிளாண்டின் பெற்ற குழந்தையை, பின்னர் கால் வீக்கத்திற்காக நாகர்கோவிலில் காட்டினால், பழைய குறிப்பு கையில் இல்லாத மருத்துவர் எலும்புத் தொற்றைத் தேடத் தொடங்குவார். அக்குறிப்பில் உள்ள ஒரு மருந்தின் பெயரே காரணத்தைத் தெளிவாக்கியிருக்கும்.

முன்பு எடுத்த படத்தின் பயனும் இத்தகையதே. தீங்கற்ற நிலைகள் பெரும்பாலும் மாறாமல் இருக்கும் அல்லது மெல்ல மறையும். தீங்குள்ளவை சில வாரங்களில் வளர்ந்து மாறும். ஒரே எலும்பின் இரு காலத்துப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும். புதிய படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இவ்வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே குழந்தையின் எக்சு-கதிர்ப் படங்கள், அவற்றின் அறிக்கைகள், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் தேதிவாரியாக வைத்து, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. படம் கணினியில் மட்டும் இருப்பின் அதன் படியைக் கேட்டுப் பெறலாம்.

காய்ச்சல், கை கால் அசைக்காமை, வெளிறுதல், எடை குறைதல், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும் குழந்தைக்கு, முன்பு தீங்கற்றது எனக் கூறப்பட்டிருப்பினும், மீண்டும் ஆய்வு தேவை. தீங்கற்றது என்னும் முடிவு அன்றைய படத்திற்கும் அன்றைய உடல்நிலைக்கும் உரியதே ஆகும்.